ஆய்வின் தாக்கம்: யாருடைய அளவுகோல், யாருக்கான கணக்கு?

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே, ஆய்வு மாணவர்களே, பண்டிதரின் நினைவாக நடக்கும் கூட்டங்களில் கவிதை, தன்வரலாறு, பௌத்தம் என்று பேசுவதுதான் வழக்கம். இந்த முறை கொஞ்சம் வறண்ட பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வுக்கு என்ன பயன் விளைந்தது என்பதை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவு யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதே என் பேச்சு.

இலக்கியக் கூட்டத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். இந்த அரங்கில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். கட்டுரை எந்த இதழில் வந்தது என்ற கேள்விக்குச் சொல்லும் பதிலில்தான் உங்கள் உதவித்தொகையும் நாளைய வேலையும் தொங்குகின்றன. இன்னொரு பக்கம் களத்தில் வேலை செய்யும் தோழர்கள் இருக்கிறீர்கள். உங்கள் சேரிக்குள் வினாத்தாளோடு வந்து போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் நீங்கள். ஒரே அளவுகோலின் இரண்டு முனைகளில் நிற்கும் இந்த இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவது அரிது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எண்களுக்கு எதிரி இல்லை. எண் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். "நல்ல ஆய்வாளர்", "திறமையான பையன்", "நம்ம வட்டத்தில் எல்லோரும் மதிக்கிற பேராசிரியர்" என்ற வாய்ச்சொல்லே தீர்ப்பாகிவிடும். அந்த வட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நேர்முகத் தேர்வில் முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவதைவிட, எழுதி வைத்த விதி எவ்வளவோ மேல். ஆகவே அளக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எதை அளக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதில்தான் என் சண்டை.

மேற்கோளை எண்ணும் கலை

இன்றைய அளவுமுறையின் தொடக்கத்தைத் தேடினால் யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கரிடம் போய் நிற்போம். 1955-இல் 'சயன்ஸ்' இதழில் அவர் ஒரு யோசனையை முன்வைத்தார். ஒரு கட்டுரையைப் பின்னால் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று ஓர் அட்டவணை இருந்தால், ஒரு கருத்து எப்படிப் பயணம் செய்தது என்று பின்தொடரலாம் என்பது அந்த யோசனை. 1960-களில் அவருடைய நிறுவனம் அந்த அட்டவணையை அச்சிடத் தொடங்கியது. நூலகத்தில் தேடுகிறவருக்கு உதவுவதற்காகப் பிறந்த கருவி அது.

அதிலிருந்து கிளைத்ததுதான் 'தாக்கக் காரணி'. இதன் கணக்கு எளிது. ஓர் இதழ் 2022-இல் 40 கட்டுரைகளும் 2023-இல் 60 கட்டுரைகளும் வெளியிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100. அந்த 100 கட்டுரைகளும் சேர்ந்து 2024-இல் 150 முறை மேற்கோள் காட்டப்பட்டால், அந்த இதழின் தாக்கக் காரணி 1.5. இவ்வளவுதான்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இது இதழுக்கான சராசரி. அந்த 150 மேற்கோளில் 100-ஐ ஒரே கட்டுரை வாங்கியிருக்கலாம். பாதிக் கட்டுரைகளை ஒருவரும் சீண்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இதழில் எழுதிய எல்லோரும் 1.5-ஐத் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள். வகுப்புச் சராசரியை ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண் பட்டியலிலும் எழுதுவது போன்றது இது. இரண்டு, கணக்கில் வருவது முந்தைய இரண்டு ஆண்டுகள் மட்டுமே. வேகமாக எழுதி வேகமாக மேற்கோள் காட்டும் துறைகளுக்கு இது பொருந்தலாம். ஒரு கிராமத்தின் நில உரிமையைப் பத்தாண்டு தொடர்ந்து ஆராய்கிறவருக்கு இந்தச் சட்டைக்குள் கையே நுழையாது.

தனி ஆய்வாளரை அளக்க 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 'எச்' குறியீட்டைத் தந்தார். ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 12, 8, 5, 4, 1 மேற்கோள்கள் பெற்றிருந்தால் அவருடைய குறியீடு 4. குறைந்தது நான்கு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் நான்கு அவரிடம் உள்ளன என்று பொருள். இந்த எண் ஒருபோதும் இறங்காது, ஏறத்தான் செய்யும். ஆகவே வயதும் பதவியும் உள்ளவருக்கு இயல்பாகவே சாதகம். தாமதமாகப் படிக்க வந்தவர், இடையில் குடும்பத்துக்காக வேலைக்குப் போனவர், உதவித்தொகை வராமல் ஓராண்டு ஆய்வை நிறுத்தி வைத்தவர் ஆகியோரின் காலம் இதில் பதிவாகாது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பெரும்பாலும் இந்த மூவரில் ஒருவராகத்தான் இருக்கிறோம்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-லேயே இதன் அடிப்படையை விளக்கிவிட்டார். பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் போய்ச் சேர்கிறது. அதே வேலையைச் செய்த பெயர் தெரியாதவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைப்பதில்லை. பைபிளில் மத்தேயு எழுதிய சுவிசேஷ வசனம் ஒன்றை ஒட்டி இதற்கு 'மத்தேயு விளைவு' என்று பெயர் வைத்தார். உள்ளவனுக்குக் கொடுக்கப்படும், இல்லாதவனிடமிருந்து உள்ளதும் எடுக்கப்படும் என்ற கருத்து. சாதியுள்ள சமூகத்தில் பிறந்தவர்களுக்கு இந்த விளைவைப் புரிந்துகொள்ள மெர்ட்டன் தேவையில்லை. ஆனால் அறிவியல் உலகத்துக்குள்ளும் அது இயங்குகிறது என்று சொல்ல அவர் தேவைப்பட்டார்.

இந்தியாவில் இந்த எண்கள் செய்யும் வேலை

2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, கருத்தரங்கில் பேசினால் இவ்வளவு என்று புள்ளிகள். புள்ளி தேவை என்றானவுடன், புள்ளி விற்கும் கடைகள் திறந்தன. பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை வரும் இதழ்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. அதைக் கட்டுப்படுத்த மானியக் குழு 2017-இல் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பட்டியலுக்குள்ளேயே போலிகள் புகுந்துவிட்டதால் 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்க வேண்டிவந்தது. பிறகு 'கேர்' பட்டியல் வந்தது. அதுவும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022-இல் எடுத்துவிட்டது. ஆனாலும் பல இடங்களில் அந்த எதிர்பார்ப்பு இன்னும் நீடிக்கிறது.

ஓர் அளவு இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பதில்லை என்று ஒரு விதி சொல்வார்கள். 1975-இல் சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளியலாளர் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து வளர்ந்த விதி அது. மேலே சொன்ன பட்டியல்களின் கதை அதற்கு நல்ல உரை. இந்த விளையாட்டில் பணம் கட்டி ஏமாந்தவர்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். எந்த இதழ் உண்மையானது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. நெறியாளருக்கு அக்கறை இல்லை. கடன் வாங்கிக் கட்டுரை போட்டவர், பட்டியல் மாறிய மறுநாள் வெறுங்கையோடு நின்றார்.

நிறுவன அளவில் இன்று பெரிய அளவுகோல், ஒன்றிய அரசின் தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு. 2015-இல் அறிவிக்கப்பட்டு 2016 முதல் பட்டியல் வருகிறது. பல்கலைக்கழகங்களுக்கான அதன் ஐந்து தலைப்புகளைப் பாருங்கள். கற்பித்தலும் வளங்களும் 30 விழுக்காடு, ஆய்வு 30, மாணவர் தேர்ச்சி 20, சமூகப் பரவலும் உள்ளடக்கமும் 10, பொதுக்கருத்து 10.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆய்வுக்கான 30-இல் சுமார் எழுபது விழுக்காடு, அதாவது மொத்த நூறில் ஏறத்தாழ 21 மதிப்பெண், கட்டுரைகளின் எண்ணிக்கைக்கும் மேற்கோள்களுக்கும் போகிறது. அந்தக் கட்டுரைகளை எண்ணுவது 'ஸ்கோபஸ்', 'வெப் ஆஃப் சயன்ஸ்' என்ற தனியார் தரவுத்தளங்களை வைத்து. சமூக உள்ளடக்கத்துக்கான 10-க்குள் வெளிமாநில மாணவர், பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி எல்லாம் அடக்கம். பொருளாதார, சமூக நிலையில் பின்தங்கிய மாணவர்களுக்கு அதில் இருபது விழுக்காடு. மொத்த நூறில் வெறும் 2 மதிப்பெண். அந்த இரண்டும்கூட எத்தனை இளநிலை மாணவர்களுக்கு நிறுவனம் முழுக் கல்விக் கட்டணத்தைத் திருப்பித் தந்தது என்பதை வைத்துத்தான். எத்தனை பட்டியலின மாணவர்கள் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் இடையில் காணாமல் போனார்கள், ஒதுக்கீட்டுப் பேராசிரியர் பணியிடங்களில் எத்தனை காலி என்பதற்கு இந்தத் தலைப்பில் மதிப்பெண் இல்லை.

இருபத்தொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு துணைவேந்தர் எதைத் துரத்துவார் என்று நினைக்கிறீர்கள்? அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பொருட்டில்லை. அளவுகோலே அவரை ஒரு பக்கம் இழுக்கிறது.

கணக்கில் வராத ஆய்வு

தரவுத்தளத்துக்குள் இருக்கும் இதழ்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கில இதழ்கள். தமிழில் எழுதிய ஆய்வு, சிற்றிதழில் வந்த கட்டுரை, சிறு பதிப்பகம் போட்ட நூல், வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு ஆகியவை அந்த வாசலில் பெரும்பாலும் நிறுத்தப்படுகின்றன. தமிழில் தலித் வரலாறும் தலித் விமர்சனமும் வளர்ந்தது எங்கே? பெரும்பாலும் இந்த வெளிகளில்தான்.

நாம் யாரை நினைவுகூர்கிறோமோ அவரையே எடுத்துக்கொள்ளலாம். பண்டிதர் 1907 ஜூன் 19-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். 1914-இல் மறையும் வரை அதில் வரலாறு, சமயம், சொல்லாராய்ச்சி, அரசியல் என்று வாரம் தவறாமல் எழுதினார். பல்கலைக்கழக உலகம் அவரை முறையாகக் கண்டுகொள்ள 1990-களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக 1999-இல் வந்த பிறகுதான் ஆய்வேடுகளும் கட்டுரைகளும் பெருகின.

மேற்கோள் ஆய்வாளர்கள் இப்படிப்பட்டவற்றைத் 'தூங்கும் அழகி' என்பார்கள். நெடுங்காலம் யாரும் மேற்கோள் காட்டாமல் கிடந்து, திடீரென்று விழித்துக்கொள்ளும் எழுத்து. பண்டிதர் விஷயத்தில் இந்தப் பெயர் பொருந்தவில்லை. அவருடைய எழுத்து தூங்கவே இல்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களிடையே அது நூலாக அச்சேறியது. பௌத்தச் சங்கங்களில் படிக்கப்பட்டது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் இதழ்களைத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் பிறகு தொகுப்பே சாத்தியமானது. தூங்கிக்கொண்டிருந்தது அட்டவணைதான். ஆக, மேற்கோள் இல்லை என்பதற்கும் வாசகர் இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த முறை கண்டுபிடிக்காது.

அண்ணல் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' இன்னொரு சான்று. 1936-இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்காக அவர் எழுதிய தலைமையுரை அது. கருத்துகளை மாற்றச் சொன்னார்கள், அவர் மறுத்தார், மாநாடு நடக்கவில்லை. உரையைத் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தன. 1937-இல் இரண்டாம் பதிப்பு வரும்போதே குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. அவர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பட்டம் பெற்ற ஆய்வாளர்தான். ஆனால் அவருடைய எழுத்துகளில் மிகுந்த தாக்கம் விளைவித்தது, எந்த நடுவர் குழுவும் பார்க்காத, எந்த மேடையும் ஏற்காத ஓர் உரை. இன்றைய படிவத்தில் நிரப்பினால் அதற்குப் புள்ளி பூச்சியம்.

இங்கே கோபால் குரு 2002-இல் எழுதிய கட்டுரையை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்யும் உரிமை ஒரு சாராருக்கும், தரவு சேகரிக்கும் கடமை இன்னொரு சாராருக்கும் என்று வருணப் பிரிவினை ஒன்று இயங்குகிறது என்று அவர் காட்டினார். இதை அளவுமுறையோடு சேர்த்துப் பாருங்கள். மேற்கோள் போவது கோட்பாடு எழுதியவருக்கு. வெயிலில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவரின் பெயர் நன்றியுரையில், அதுவும் இருந்தால் உண்டு. நன்றியுரையை எந்தத் தரவுத்தளமும் எண்ணுவதில்லை.

கல்விக்கு வெளியே தாக்கம்

மேற்கோள் என்பது ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்பது. அந்த வட்டத்துக்கு வெளியே என்ன மாறியது என்று கேட்க முடியாதா? கேட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் அரசுப் பணம் வாங்கும் பல்கலைக்கழகங்களின் ஆய்வை 1986 முதல் அவ்வப்போது மதிப்பிடுகிறார்கள். 2014 மதிப்பீட்டில் முதல்முறையாக, பொருளாதாரம், சமூகம், பண்பாடு, அரசுக் கொள்கை, நலவாழ்வு, சுற்றுச்சூழல் ஆகியவற்றில் ஆய்வால் விளைந்த மாற்றத்துக்கு 20 விழுக்காடு மதிப்பெண் ஒதுக்கினார்கள். 2021-இல் அது 25 ஆனது. பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வால் என்ன நடந்தது என்று சான்றோடு எழுதித் தர வேண்டும். 2014-இல் மட்டும் 6,600-க்கும் மேற்பட்ட அத்தகைய விவரணைகள் வந்தன.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. பல்கலைக்கழகம் தன்னைக் கதாநாயகனாக்கிக் கதை எழுதும். எளிதில் சான்று காட்டக்கூடிய ஆய்வுக்கே ஊக்கம் கிடைக்கும். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. அதை எப்படிக் கேட்பது என்று நம் மண்ணின் ஒரு வழக்கை வைத்துப் பார்க்கலாம். பொதுவாக நான்கு படிகள் சொல்வார்கள். உள்ளீடு என்பது செலவிட்ட பணமும் ஆளும். வெளியீடு என்பது அறிக்கை, கட்டுரை, நூல். விளைவு என்பது அதைப் படித்து யாரோ எடுத்த நடவடிக்கை. தாக்கம் என்பது அந்த நடவடிக்கையால் மனிதர் வாழ்வில் ஏற்பட்ட மாற்றம்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அம்மாவட்டப் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். நிலமின்மை, குடியிருப்பு மனைகூடச் சொந்தமில்லாத நிலை, பண்ணை அடிமைத்தனம் ஆகியவற்றைப் பதிவுசெய்தார். இது வெளியீடு. 1892 செப்டம்பர் 30-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்குவது குறித்த அரசாணை வந்தது. இது விளைவு. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் அளவுக்குப் பஞ்சமி நிலம் ஒப்படைக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நிலம் பிறர் கைக்குப் போகாதபடி நிபந்தனைகளும் இருந்தன. இது தாக்கம்.

இத்தோடு கோப்பை மூடினால் அருமையான வெற்றிக் கதை. மூடாமல் பாருங்கள். நிபந்தனைகளை மீறி அந்த நிலத்தின் பெரும்பகுதி பிற சாதியினர் கைக்கும் நிறுவனங்களின் கைக்கும் போனது. அதை மீட்கக் காரணையில் மக்கள் திரண்டார்கள். 1994 அக்டோபர் 10-இல் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

இந்த வழக்கிலிருந்து அளவுமுறைக்கு நான்கு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, காலம். இரண்டாண்டு, ஐந்தாண்டு என்ற சாளரத்தில் இதைப் பார்க்கவே முடியாது. இரண்டு, உரிமை. அந்த அரசாணைக்கு ஆட்சியர் ஒருவரே காரணம் இல்லை. கிறித்தவ மிஷனரிகளின் அழுத்தம் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் நிலம் கேட்டு நின்ற மக்களே இருந்தார்கள். ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளியிட்ட நூல், அந்த மக்கள், மிஷனரிகள், மிராசுதார்கள், அதிகாரிகள் ஆகிய எல்லோருக்கும் இடையே நடந்த இழுபறியை விரிவாகக் காட்டுகிறது. மூன்று, தாக்கம் திரும்பிப் போகக்கூடியது. ஒருமுறை பதிவுசெய்துவிட்டால் நிரந்தரம் என்பதில்லை. நான்கு, பராமரிப்பு. நூறாண்டுக்கு முந்தைய அரசாணையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கும் தோழர்தான் இன்றும் அந்த ஆய்வைச் செயலில் வைத்திருக்கிறார். அவர் எந்தப் பட்டியலிலும் ஆய்வாளராக வருவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67 என்றும், இஸ்லாமியப் பெயருக்கு 0.33 என்றும் கண்டார்கள். தனியார் துறையில் திறமைதான் பேசும் என்ற வாதத்துக்கு இது தெளிவான மறுப்பு. ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு. ஆனால் தனியார் துறையில் இட ஒதுக்கீட்டுச் சட்டமோ, விண்ணப்ப நிலையிலேயே பாகுபாட்டைத் தண்டிக்கும் சட்டமோ இன்றுவரை இல்லை. ஆய்வு சரியாக இருந்தும் அடுத்த படி ஏறவில்லை. பழி ஆய்வாளர்மேல் போடத்தக்கதன்று. அதை ஏற்றிவிடும் அரசியல் பலம் எங்கே என்ற கேள்வி நம்மிடம் திரும்பி வருகிறது. மேற்கோள் எண்ணிக்கையும் சமூகத் தாக்கமும் தனித்தனிப் பாதைகள் என்பதற்கு இந்த இரண்டு வழக்குகளும் போதும்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

முதுகலைச் சமூகவியல் படித்தபோது வடாற்காடு பக்கம் ஒரு சேரியில் வினாத்தாள் நிரப்பப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கேட்டார்: "போன வருசம்கூட ஒரு பொண்ணு வந்து இதயேதான் கேட்டு எழுதினு போச்சி. அது என்னா ஆச்சிம்மா?" நான் படித்த துறையில் அதற்குப் பதில் சொல்ல ஏற்பாடே கிடையாது. முந்தைய ஆண்டு ஆய்வேடுகள் பீரோவில் பூட்டிக் கிடந்தன. அதே ஊர், அதே கேள்வி, அடுத்த ஆண்டு வேறு மாணவர். ஆய்வின் தாக்கத்தை அளக்க நான் அறிந்ததிலேயே கறாரான கேள்வி அந்தப் பாட்டியுடையதுதான். அதை விரித்தால் ஒரு துறையிடம் கேட்கத்தக்க ஆறு கேள்விகள் வருகின்றன.

1. கடந்த பத்தாண்டில் எங்கள் ஊர்களைப் பற்றி இந்தத் துறையில் எத்தனை ஆய்வேடுகள் வந்தன? அவற்றில் எத்தனையின் சுருக்கம் தமிழில் அந்த ஊருக்குத் திரும்பிப் போனது?
2. தரவு சேகரித்தவர்கள் யார்? அவர்களில் எத்தனை பேர் இணை ஆசிரியர்களாகப் பெயர் பெற்றார்கள்?
3. ஆய்வின் முடிவை எந்த அலுவலகம், எந்த நீதிமன்றம், எந்தச் சங்கம் பயன்படுத்தியது? அதற்கு எழுத்துச் சான்று உண்டா?
4. ஆய்வால் ஊருக்குக் கேடு ஏதும் விளைந்ததா? பெயர் வெளியானதால் யாராவது மிரட்டப்பட்டார்களா?
5. சேர்ந்த பட்டியலின, பழங்குடி ஆய்வு மாணவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள்? மற்றவர்கள் ஏன் பெறவில்லை?
6. தமிழில் எழுதிய நூலுக்கும் கட்டுரைக்கும் மதிப்பீட்டில் என்ன இடம்?

இவை கனவுக் கேள்விகள் இல்லை. உலக ஆய்வு மதிப்பீட்டு விவாதத்தில் இவற்றுக்குத் துணை இருக்கிறது. 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், இதழின் தாக்கக் காரணியை வைத்துத் தனிமனிதரின் நியமனத்தையோ பதவி உயர்வையோ முடிவுசெய்யக் கூடாது என்கிறது. 2015-இல் 'நேச்சர்' இதழில் வந்த லைடன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளில் ஒன்று, உள்ளூர் சார்ந்த, உள்ளூர் மொழியில் நடக்கும் சிறந்த ஆய்வைப் பாதுகாக்க வேண்டும் என்பது. தமிழில் எழுதுவதற்காகக் குறைத்து மதிப்பிடப்படும் மாணவர், துறைத்தலைவரின் முன் இந்த இரண்டு ஆவணங்களையும் எடுத்துவைத்துப் பேசலாம்.

கையோடு செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. மாணவர்களுக்கு முதலில். உங்கள் ஆய்வேடு 'சோத்கங்கா' இணையக் களஞ்சியத்தில் முழுமையாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருந்தால்தான் அடுத்தவர் தேடிக் கண்டுபிடிக்க முடியும். பத்துப் பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் ஒன்று எழுதி ஊர் நூலகத்திலும் இயக்க அலுவலகத்திலும் வையுங்கள். உங்கள் ஆய்வை யாராவது மனுவிலோ வழக்கிலோ பயன்படுத்தினால் அதன் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இன்று புள்ளி கிடைக்காது. நாளை விதி மாறும்போது சான்று உங்களிடம் இருக்கும். ஒடுக்கப்பட்ட எழுத்தாளரை, சிற்றிதழ்க் கட்டுரையை மேற்கோள் காட்டுவதையும் ஓர் அரசியல் செயலாகச் செய்யுங்கள். அவர்களிடமிருந்து பெற்ற கருத்தை ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் பெயரில் எழுதாதீர்கள்.

களத்தோழர்களுக்கு. உங்கள் ஊருக்கு வந்த ஆய்வாளர்களின் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள். பெயர், நிறுவனம், தலைப்பு, வந்த தேதி, திரும்பித் தருவதாகச் சொன்னது, தந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அடுத்து வருபவரிடம் அதைக் காட்டிவிட்டுப் பேசத் தொடங்குங்கள். ஐந்தாவது கேள்விக்குரிய எண்களை அரசு நிறுவனங்களிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் துறைவாரியாக, ஆண்டுவாரியாகக் கேளுங்கள். மொத்த எண்ணிக்கை கேட்டால் மழுப்ப இடம் கிடைக்கும். சேர்ந்தவர், முடித்தவர், விலகியவர் என்று பிரித்துக் கேட்டால் மழுப்புவது கடினம்.

அமைப்புகளுக்கு ஒரு கோரிக்கை. தரவரிசையில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான அந்த இரண்டு மதிப்பெண்ணை உயர்த்த வேண்டும், அதில் ஆய்வு மாணவர்களின் நிறைவு விகிதத்தையும் ஒதுக்கீட்டுப் பணியிட நிரப்பலையும் சேர்க்க வேண்டும் என்று நாம் சேர்ந்து எழுதிக் கேட்க வேண்டும். பட்டியல் ஆண்டுதோறும் வருகிறது. விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாறும் விதியில் நம் வரி ஒன்றை ஏற்ற முடியும். 21-க்கு எதிரே நிற்பது 2 ஆக இருக்கும் வரை, நல்லெண்ணம் உள்ள நிர்வாகிகூட நம் பக்கம் திரும்ப அவருக்குக் காரணம் இருக்காது. அந்தக் காரணத்தை உருவாக்கும் வேலையை இந்த ஆண்டு மேற்சொன்ன பதிவேட்டிலிருந்தும் மனுவிலிருந்தும் தொடங்கலாம். மனுவின் வரைவை எழுத விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

ஜெய் பீம்.